மரத்துக்கு முன் ஸ்டாண்டு: பெரிய கிறிஸ்மஸ் மரம் சாயாமல் நிற்க



அட்வெந்து நாட்கள் நெருங்கும்போது உங்களில் சிலரிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஐயா, இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய கிறிஸ்மஸ் மரம் வாங்கித் தரலாமா?" நோயாளிகள் முகத்தில் சிறிது மகிழ்ச்சியைக் காண வேண்டும் என்ற அன்பிலிருந்து பிறக்கும் கேள்வி அது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆனால் மரம் எத்தனை அடி, விலை என்ன, விளக்கு எத்தனை சரம் என்று விசாரிக்கிற அன்பர்கள், அதை எதில் நிறுத்துவது என்று விசாரிப்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏன், எப்படி என்பதை இந்த மடலில் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் சபையிலும் பள்ளியிலும் வீட்டிலும் மரம் வைக்கிறவர்களுக்கும் இது பயன்படும்.

வீட்டில் ஒரு மரம் சாய்ந்தால் நாலு கண்ணாடி உருண்டை உடையும். பிள்ளைகள் சிரித்துவிட்டுத் தூக்கி நிறுத்துவார்கள். மருத்துவமனைக் கூடம் அப்படியல்ல. மேலூர், நத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி வருகிற மக்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் காலில் மாவுக்கட்டு. ஒருவர் கையில் பிறந்து பத்து நாளான குழந்தை. ஒருவர் கண் ஆபரேஷன் முடிந்து பேத்தியின் தோளைப் பிடித்து நடக்கிறார். மரம் சாய்கிறது என்று தெரிந்தாலும் விலகி ஓட முடியாதவர்கள் இவர்கள். அலங்காரம் எவ்வளவு அழகு என்பதைவிட, அது யார் மேல் விழக்கூடும் என்பதே நமக்கு முதல் கேள்வி.

எரேமியா எதைச் சொன்னார்?

கிறிஸ்மஸ் மரமே வேதத்துக்கு விரோதம் என்று சொல்லுகிற சகோதரர்கள் உண்டு. அவர்கள் எடுத்துக் காட்டுவது எரேமியா தீர்க்கதரிசியின் 10ஆம் அதிகாரம். காட்டில் மரத்தை வெட்டி, வெள்ளியும் பொன்னும் பூசி, அது ஆடாமல் நிற்க ஆணி அடிக்கிறார்கள் என்ற கருத்து அங்கே வருகிறது. மேலோட்டமாகப் படித்தால் நம் கிறிஸ்மஸ் மரமும் ஸ்டாண்டும் போலவே தோன்றும். ஆனால் அப்பகுதி தச்சன் செதுக்கி, மக்கள் வணங்குகிற விக்கிரகத்தைப் பற்றியது. நாம் மரத்தை வணங்குவதில்லை. ஒரு பிறப்பின் மகிழ்ச்சிக்கு அடையாளமாக வைக்கிறோம். மரத்தைக் கட்டாயம் வைக்க வேண்டும் என்ற கட்டளையும் நமக்கு இல்லை. வைப்பதானால் பிறருக்குத் தீங்கில்லாமல் வைக்க வேண்டும். அயலானிடத்தில் அன்புகூர வேண்டும் என்ற கட்டளை அதைக் கேட்கிறது.

மரமும் ஸ்டாண்டும் வந்த வழி

வீட்டுக்குள் மரம் வைத்து அலங்கரிக்கிற வழக்கம் ஜெர்மானிய மொழி பேசும் நாடுகளில் தோன்றியது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் வீட்டுக் கூடங்களில் ஃபர் மரங்களை நிறுத்தி அலங்கரித்ததாக 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. 1848இல் லண்டனின் படப் பத்திரிகை ஒன்றில் விக்டோரியா ராணியும் ஆல்பர்ட் இளவரசரும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் வெளிவந்த பிறகு, ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் வழக்கம் பரவிற்று. அந்தப் படத்தில் இருப்பது மேஜை மேல் வைத்த சிறிய மரம். மரம் மேஜையை விட்டுத் தரைக்கு இறங்கி, கூரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் ஸ்டாண்டு பெரிய விஷயமாயிற்று. 1876இல் அமெரிக்காவில் கிறிஸ்மஸ் மர ஸ்டாண்டுக்கென்றே காப்புரிமை வழங்கப்பட்டது. பின்னர் ஜெர்மனியின் பவேரியாவில் கிளவுஸ் கிரின்னர் என்ற ஸ்ட்ராபெரி விவசாயி, காலால் மிதித்தால் ஒரே கம்பிக்கயிறு இழுபட்டு எல்லாப் பிடிகளும் ஒன்றாக மரத்தைக் கவ்வும் ஸ்டாண்டை உருவாக்கினார். நார்வே மக்கள் 1947 முதல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அனுப்பிவரும் மரமும், நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் மையத்தில் நிற்கும் மரமும் கட்டடம் போன்ற உயரமுடையவை. அவற்றை நிறுத்துவது பொறியாளர் வேலை.

நமக்கு அத்தனை பெரிய மரம் வேண்டாம். ஆனால் பத்தடி மரத்துக்கும் அதே விதிகள்தான்.

நம் ஊரில் எந்த மரம்?

1834இல் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினார்கள். அந்த மலையில் பைன், சைப்ரஸ் முதலிய ஊசியிலை மரங்கள் இன்று நிறைய உண்டு. "கொடைக்கானலிலிருந்து ஒரு மரம் வெட்டி வரட்டுமா?" என்று ஆர்வத்தில் கேட்கிறவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம்.

சமவெளியில் நம் சபைகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துவது சவுக்கு. கடற்கரை மாவட்டங்களில் தோப்புத் தோப்பாகப் பயிராகிறது. விறகுக்கும், சாரத்துக்கும், பந்தலுக்கும், காகிதத்துக்கும் வெட்டுவதற்காகவே வளர்ப்பதால், ஒரு மரம் வாங்குவதில் காட்டுக்கு நஷ்டமில்லை. பார்ப்பதற்கு பைன் போல இருந்தாலும் சவுக்கு அந்த இனமல்ல. நாம் ஊசியிலை என்று நினைப்பது இலையே அல்ல. மெல்லிய பச்சைத் தண்டு. உண்மையான இலை அதன் கணுக்களில் சிறு செதிலாக இருக்கும்.

ஸ்டாண்டு வாங்கும்போது சவுக்கின் இரண்டு குணங்களை மறக்கக் கூடாது. முதலாவது, அதன் கட்டை மிகவும் கனமானது. மேல்நாட்டு ஃபர் மரத்துக்கென்று செய்த, கடையில் டப்பாவில் அடைத்து வரும் சிறிய ஸ்டாண்டு இதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. பிளாஸ்டிக் மரத்தோடு வரும் மூன்று கால் கம்பி ஸ்டாண்டு இதற்கு உதவவே உதவாது. இரண்டாவது, சவுக்கு பச்சையாக இருக்கும்போதே எரியும். அடுப்பெரித்த நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மரம் ஏன் சாய்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். கிளைகளோடு 30 கிலோ எடையுள்ள பத்தடி மரம் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை நட்சத்திரத்தைப் பறிக்க ஆசைப்பட்டு, ஐந்தடி உயரத்திலுள்ள கிளையை 10 கிலோ பலத்தில் இழுக்கிறது. உயரத்தையும் இழுப்பையும் பெருக்குங்கள்: 5 x 10 = 50. இது சாய்க்கும் பலம். சாயாமல் தடுப்பது மரமும் ஸ்டாண்டும் சேர்ந்த எடை; அதை, நடுத்தண்டிலிருந்து ஸ்டாண்டு கவிழும் விளிம்பு வரையுள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். இந்தத் தொகை 50க்குக் குறைந்தால் மரம் சாயும். பிள்ளை மட்டுமல்ல, வாசல் வழியே வரும் காற்றும் வேகமாகத் தள்ளிவரும் ஸ்ட்ரெச்சரும் எதிர்பாராத பலத்தோடு மோதும். ஆகவே தடுக்கும் தொகை சாய்க்கும் தொகையைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 100க்கு மேல் இருக்க வேண்டும்.

கவிழும் விளிம்பு என்பது காலின் நுனியல்ல. இரண்டு கால் நுனிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் மேல்தான் ஸ்டாண்டு கவிழும். கால் இரண்டடி நீளமானாலும், மூன்று கால் ஸ்டாண்டில் நடுவிலிருந்து அந்தக் கோட்டுக்குத் தூரம் ஒரே அடி. நான்கு காலில் ஏறக்குறைய 1.4 அடி. ஐந்து காலில் 1.6 அடி. மூன்று காலுக்கு ஒரு நன்மை உண்டு: மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் உட்காரும். ஆனால் ஆடாமல் இருப்பது வேறு, சாயாமல் இருப்பது வேறு. பெரிய மரத்துக்கு நான்கு காலாவது வேண்டும்.

மரத்தோடு 15 கிலோ ஸ்டாண்டைச் சேர்த்தால் 45 கிலோ. இரண்டடிக் கால் மூன்று இருந்தால் 45 x 1 = 45; பிள்ளை இழுத்ததும் சாயும். ஓரடிக் கால் நான்கு இருந்தால் 45 x 0.7, அதாவது 31, அதுவும் சாயும். இரண்டடிக் கால் நான்கு இருந்தால் 63. நிற்கும், ஆனால் போதாது. அதன் கால்கள் மேல் 20 கிலோ மணல் மூட்டை இரண்டு வைத்தால் 85 x 1.4 = 119. இப்போதுதான் மனநிம்மதியோடு விளக்கை ஏற்றலாம். ஸ்டாண்டுக்கு அகலமும் எடையும் இரண்டும் வேண்டும்; எடை தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

எந்த ஸ்டாண்டு?

நம் ஊரில் கிடைக்கக்கூடிய வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பெயிண்ட் வாளியில் மணல். பல வீடுகளில் இதுதான். இருபது லிட்டர் வாளியில் காய்ந்த மணல் 32 கிலோ அளவுக்குப் பிடிக்கும். ஆனால் வாளியின் அடி குறுகியது. நடுவிலிருந்து விளிம்புக்கு அரை அடிகூட இல்லை. பத்தடி மரத்தோடு கணக்குப் பார்த்தால் 30கூடத் தேறாது. மூன்று, நான்கடிக் கொப்புக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

2. மரச் சிலுவைக் கட்டை. நான்கடி நீளமுள்ள இரண்டு கனத்த சட்டங்களை ஒன்றில் ஒன்று வெட்டிப் பொருத்தி, நடுவில் மரத்தை நிறுத்தி, நான்கு பக்கமும் சாய்வு முட்டுக் கொடுப்பது. எந்தத் தச்சரும் அரை நாளில் செய்துவிடுவார். நடுவில் ஒரே ஆணி அடித்து விட்டுவிட்டால் பயனில்லை. சாய்வு முட்டுகள்தான் அதன் உயிர். மணல் மூட்டை அவசியம். தண்ணீர் ஊற்ற வழியில்லை என்பது குறை.

3. பாதி டிரம். இருநூறு லிட்டர் தார் டிரம்மைக் குறுக்கே பாதியாக வெட்டி, விளிம்பை மடக்கி, முக்கால் பங்கு மணல் நிரப்புவது. மணல் மட்டும் 120 கிலோ வரும். வட்டமானதால் எல்லாத் திசையிலும் ஒரே பலம். கணக்கில் 140 அளவுக்குக் கிடைக்கும். நீண்ட கால்கள் இல்லாததால் யாரும் தடுக்கி விழமாட்டார்கள். மணலை நனைத்து வைத்தால் மரத்துக்கு ஈரமும் கிடைக்கும். ஆட்கள் நடமாடும் கூடத்துக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. காலி மணலைக் கொட்டி நிரப்பினால் மட்டும் போதாது. மரத்தின் அடியைச் சுற்றிச் செங்கல் துண்டுகளை இறுக்கி, பிறகு மணலைக் கொட்டிக் கெட்டிக்க வேண்டும்.

4. டயரில் கான்கிரீட். வாலிபால் மைதானங்களில் வலைக் கம்பம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கார் டயருக்குள் கான்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்திவிடுவது. எடை 100 கிலோ அளவுக்கு வரும்; கணக்கில் 100க்கு மேல் தேறும். செலவு குறைவு, பல ஆண்டு உழைக்கும், உருட்டிக்கொண்டும் போகலாம். குழாய் மரத்தின் அடியைவிடச் சிறிது பெரியதாக இருக்க வேண்டும்.

5. வெல்டிங் பட்டறையில் செய்யும் இரும்பு ஸ்டாண்டு. மாட்டுத்தாவணியிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கே.புதூர் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆங்கிள் இரும்பில் இரண்டரை அடி நீளமான நான்கு கால், நடுவில் ஒன்றேகால் அடி உயரக் குழாய், குழாயில் இறுக்கும் போல்ட்டுகள் என்று சொன்னால் பட்டறைக்காரர் புரிந்துகொள்வார். கால் நுனிகளை உருட்டிவிட்டு, மஞ்சளோ வெள்ளையோ பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். கைத்தடியோடு வருகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த வகையை மூலையிலோ தடுப்புக்குள்ளோ வைப்பதே நல்லது.

பிடி இரண்டு இடத்தில்

ஸ்டாண்டு எவ்வளவு கனமாக இருந்தாலும், அது மரத்தைப் பிடிக்கும் விதம் சரியில்லாவிட்டால் மரம் மட்டும் சாயும். ஒரே மட்டத்தில் மூன்று போல்ட்டு வைத்து இறுக்கினால் மரம் அந்த இடத்தை அச்சாகக் கொண்டு ஆடும். கீழே மூன்று, அதற்கு ஒரு அடி மேலே மூன்று என்று இரண்டு மட்டத்தில் பிடி வேண்டும். ஒரு கம்பை ஒரு விரலால் பிடிப்பதற்கும் இரண்டு கையால் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

மரத்தின் அடியை ரம்பத்தால் சமமாக அறுக்க வேண்டும். அரிவாளால் கூர்சீவக் கூடாது. குழாய்க்குள் நுழையவில்லை என்று பட்டையைச் செதுக்குவதும் தவறு. பட்டைக்கு அடுத்த வெளிப்பகுதி வழியாகத்தான் தண்ணீர் நன்றாக ஏறும். மரம் பெரிதானால் ஸ்டாண்டை மாற்றுங்கள். ஸ்டாண்டுக்காக மரத்தைச் செதுக்காதீர்கள். நிறுத்திய பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பிடித்து இரண்டு பக்கத்திலிருந்தும் நேர் பாருங்கள். முதல் நாள் இறுக்கிய போல்ட்டு மறுநாள் சற்றுத் தளர்ந்திருக்கும். மீண்டும் இறுக்க வேண்டும்.

கயிறும் வேண்டும்

நம் மாட்டுத்தாவணியின் பெயரிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. தாவணி என்பது இரண்டு முளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, மாடுகளை வரிசையாகப் பிணைக்கிற நீண்ட கயிறு. அதிலிருந்து மாட்டுச் சந்தைக்கும் அப்பெயர் வந்தது. முளையும் கயிறும் சேர்ந்துதான் காளையை நிறுத்தும். எட்டடிக்கு மேற்பட்ட எந்த மரத்துக்கும், ஸ்டாண்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கயிறு கட்டியே தீர வேண்டும்.

மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில், நடுத்தண்டில் கட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் மறுபக்கம் சாயும். மூன்று திசையில் கட்ட வேண்டும். சுவரோரம் என்றால் சுவரில் இரு புறமும் கொக்கி அடித்து, இடம் வலமாக இரண்டு கயிறு போதும். கயிற்றைத் தூணில் அல்லது சுவர்க் கொக்கியில் கட்டலாம். ஜன்னல் கம்பியிலோ, மின்விசிறிக் கொக்கியிலோ, ஆக்ஸிஜன் குழாயிலோ ஒருபோதும் கட்டக் கூடாது. நடக்கிறவர் கழுத்து மட்டத்தில் கயிறு குறுக்கே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே முற்றத்தில் நடுவதானால் பந்தல்காரரைக் கேளுங்கள். பதினைந்து அடி மரத்துக்கு மூன்றடிக் குழி எடுத்து, செங்கல் ஜல்லி போட்டு இடித்துக் கெட்டிப்பது நல்லது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் இளகும். மறுபடி இடிக்க வேண்டும்.

தண்ணீரும் கொசுவும்

வெட்டிய மரம் பசுமையாக இருக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும். மேல்நாட்டு ஊசியிலை மரங்களுக்கு, அடிமரம் ஓர் அங்குல விட்டத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் தேவைப்படலாம் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். வெட்டுவாய் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை, மாத்திரை எதுவும் கலக்க வேண்டியதில்லை; வெறும் தண்ணீரே போதும்.

இங்கேதான் மேல்நாட்டுப் புத்தகத்தில் இல்லாத ஓர் ஆபத்து நமக்கு உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். மரமோ அட்வெந்திலிருந்து ஜனவரி 6 வரை ஐந்தாறு வாரம் நிற்கிறது. திறந்த தொட்டியுள்ள ஸ்டாண்டு, காய்ச்சல் வார்டுக்குப் பக்கத்தில் நாமே வைத்த கொசுப் பண்ணையாகிவிடும். ஆகவே தொட்டி இருந்தால் அதன் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை இறைத்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாமல் கிடக்கும். ஈர மணல் நிரப்பிய டிரம்மில் தண்ணீர் மேலே தேங்காதபடி அளவாக ஊற்றினால் இந்தத் தொல்லை குறைவு.

தீயும் இடமும்

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. 2024 டிசம்பர் 12 இரவு நமக்குப் பக்கத்திலுள்ள திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏற்பட்ட தீ விபத்தில் ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் உயிரிழந்தார்கள். இவற்றுக்கும் கிறிஸ்மஸ் மரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஜனங்கள் கூடியிருக்கும் கட்டடத்தில் தீயும் புகையும் எவ்வளவு சீக்கிரம் பரவும் என்பதை அவை நமக்குக் கற்பித்தன. உலர்ந்த சவுக்கு நல்ல விறகு. சாய்கிற மரம் விளக்கு ஒயரையும் இழுத்துக்கொண்டுதான் சாயும். ஆகவே உறுதியான ஸ்டாண்டு தீக்கும் முதல் தடுப்பு.

மெழுகுவர்த்தி மரத்தின் பக்கமே வரக் கூடாது. எல்இடி சரம் போதும். அதையும் இரவில் ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிட வேண்டும். வெளிவாசல், மாடிப்படி, லிஃப்ட், ஆக்ஸிஜன் உள்ள இடம் இவற்றின் அருகே மரம் கூடாது. ஸ்ட்ரெச்சர் திரும்பும் வழியை அளந்து பார்த்த பிறகே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். சாய்ந்தால் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்து, அந்த வட்டத்துக்குள் நோயாளிகளின் பெஞ்சைப் போடாதீர்கள். கிளையைத் தொட்டதும் உதிர்ந்தால், பண்டிகை முடியும்வரை காத்திராமல் மரத்தை அப்புறப்படுத்துங்கள்.

மண் நிரப்பிய தொட்டியோ மரமோ வார்டுக்குள் வேண்டாம். மண்ணிலுள்ள பூஞ்சணம் நல்ல சுகமுள்ளவர்களை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளியைத் தாக்கக்கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் புற்றுநோய் சிகிச்சை பெறுகிறவர் அருகிலும் ஒரு காகித நட்சத்திரம் போதும்.

வேரைவிட நல்ல ஸ்டாண்டு இல்லை

இத்தனையும் படித்துவிட்டு, "இவ்வளவு தொல்லையா?" என்று நீங்கள் கேட்டால், அதற்கும் ஒரு வழி சொல்லுகிறேன். நர்சரிகளில் கிறிஸ்மஸ் மரம் என்றே விற்கும் அரக்கேரியாவைத் தொட்டியோடு வாங்கலாம். அதை ஒரு வாரம் கூடத்தில் வைத்துவிட்டு வெளியே கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்தால் அடுத்த ஆண்டும் உதவும். அகன்ற சிமெண்டுத் தொட்டியாகப் பாருங்கள்; உயரமான ஒடுங்கிய தொட்டி பெயிண்ட் வாளியைப் போலத்தான். இதில் குக் பைன் எனப்படும் இனத்துக்கு வேடிக்கையான குணம் ஒன்று உண்டு. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அவை பூமத்திய ரேகையை நோக்கிச் சராசரியாக 8 பாகைக்கு மேல் சாய்ந்து வளர்வதாகக் கண்டார்கள். பூமத்திய ரேகையிலிருந்து தூரம் கூடக்கூடச் சாய்வும் கூடுகிறதாம். எந்த மரமானாலும் சாய்வு இருந்தால், சாயும் திசையில் தொட்டியின் அடியில் அகலக் கட்டை கொடுத்து நேராக்குங்கள்.

அதைவிட எளிது, முற்றத்தில் ஏற்கெனவே நிற்கிற வேம்புக்கோ புங்கனுக்கோ விளக்குச் சரம் போடுவது. ஆணி அடிக்காமல், கிளையை இறுக்காமல் தளர்வாகக் கட்டினால் மரத்துக்குச் சேதமில்லை. ஆண்டவர் வேர் என்ற ஸ்டாண்டைக் கொடுத்து நிறுத்தியிருக்கிற மரம் அது. சாயாது, காயாது, வாங்கவும் வேண்டியதில்லை. பெத்லகேமின் நற்செய்தியைச் சொல்ல அதற்கு எந்தக் குறையும் இல்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மரம் காணிக்கையாகத் தர விரும்பும் அன்பர்கள் பின்வருவனவற்றைச் சரிபார்த்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்:

- முதலில் ஸ்டாண்டு எது என்று தீர்மானியுங்கள்; அது தாங்கும் உயரத்துக்கு மரத்தைத் தேர்ந்தெடுங்கள்.
- நான்கு கால் அல்லது வட்ட அடி. பத்தடி மரத்துக்குக் கணக்கு 100க்கு மேல்.
- பிடி இரண்டு மட்டத்தில். எட்டடிக்கு மேல் கயிறு கட்டாயம்.
- ஐந்தடி உயரத்தில் கை வைத்து எல்லாத் திசையிலும் நன்றாக இழுத்துப் பாருங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன் பெரியவர் ஒருவர் இழுத்துப் பார்ப்பது நல்லது.
- தண்ணீர், போல்ட்டு, கயிறு மூன்றையும் தினமும் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லாரும் பார்ப்பார்கள் என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

ஒரு முறை செய்த நல்ல ஸ்டாண்டு பல கிறிஸ்மஸுக்கு உழைக்கும். பக்கத்துச் சபைகள் இரவல் வாங்கியும் பயன்படுத்தலாம். இரண்டடி உயரம் குறைந்த மரம் வாங்கி, மிச்சத்தை மருந்து வாங்க வழியில்லாத ஓர் ஏழை நோயாளிக்குக் கொடுத்தால், அந்த மரம் கூடத்தில் இன்னும் உயரமாகத் தெரியும்.

மரத்தைப் பார்க்கிறவர்கள் நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். அடியில் மணலுக்குள் இருக்கிற செங்கலை ஒருவரும் பார்ப்பதில்லை. இந்த மருத்துவமனையைத் தாங்குகிற உங்கள் ஜெபங்களும் காணிக்கைகளும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. அவற்றுக்காக நோயாளிகள் சார்பில் நன்றி கூறுகிறேன். நம்மிடம் வருகிற பலவீனர் ஒருவருக்கும் தீங்கு வராமல், சமாதானமும் சந்தோஷமும் நிறைந்த கிறிஸ்மஸை ஆண்டவர் உங்களுக்கும் எங்களுக்கும் அருளுவாராக.

ஆண்டவரின் பணியில்,
மருத்துவமனைச் சிற்றாலய ஆயர்